தாமஸ் கிரான்மர்: அரசாணையும் மனச்சான்றும்

நுழையும்முன்

ஒருவர் ஒரே வேளையில் இரு தலைமைகளுக்குப் பணிந்து நடக்க இயலுமா? அவை முரண்படும்போது எதனைக் கைக்கொள்வது? 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமயத் தலைவராகவும் அரசின் ஆலோசகராகவும் விளங்கிய தாமஸ் கிரான்மரின் வாழ்க்கை இவ்வினாக்களை நம்முன் வைக்கிறது.

கல்லூரியிலிருந்து அரசவைக்கு

கிரான்மர் 1489ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயர் பகுதியில் அஸ்லாக்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் உள்ள இயேசு கல்லூரியில் பயின்ற அவர், அங்கேயே இறையியல் கற்பித்தும் வந்தார். நாற்பது வயதுவரை நூல்களே அவருக்கு உலகமாயிருந்தன.

அக்காலத்தில் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு ஆண் வாரிசு இல்லை. எனவே, அரசி கேத்தரினோடு செய்த திருமணம் செல்லாது என அறிவிக்கும்படி அவர் ரோமிலிருந்த போப்பாண்டவரை வேண்டினார். கேத்தரினின் உடன்பிறந்தார் மகனோ ஐரோப்பாவின் வலிமைமிக்க பேரரசர் ஐந்தாம் சார்லஸ். அவரைப் பகைத்துக்கொள்ளப் போப்பாண்டவர் தயங்கினார்; வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1529இல் மன்னரின் அலுவலர் இருவரைச் சந்தித்த கிரான்மர், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் இறையியல் அறிஞர்களிடம் கருத்துக் கேட்கலாம் என்றார். அந்த யோசனை மன்னருக்குப் பிடித்துப்போனது. கல்லூரி ஆசிரியர் அரசவைக்கு உரியவரானார்.

1532இல் பேரரசரிடம் தூதராகச் சென்ற கிரான்மர், ஜெர்மனியில் சீர்திருத்தக் கிறித்தவர்களோடு பழகினார். குருமாருக்குத் திருமணம் விலக்கப்பட்டிருந்த காலத்தில் மார்கரெட் என்பவரை மணந்தார். 1533இல் இங்கிலாந்துத் திருச்சபையின் மிக உயர்ந்த பதவியாகிய கேன்டர்பரி பேராயர் பதவி அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கேத்தரினின் திருமணம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, புதிய அரசியாக ஆன் போலினுக்கு முடிசூட்டினார். மறு ஆண்டில், இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர் என நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அரசரின் நிழலில்

நாட்டை ஆளும் அரசர் இறைவனால் அமர்த்தப்பட்டவர். திருச்சபையும் அவர் ஆணைக்குப் பணிய வேண்டும் என்பது கிரான்மரின் உறுதியான கொள்கை. அக்கொள்கையே அவருக்கு அதிகாரம் தந்தது. அதுவே அவரைக் கட்டியும் போட்டது. 1536இல் ஆன் போலின் மீது குற்றம் சுமத்தப்பட்டபோது, அவரைப் பற்றித் தாம் கொண்டிருந்த உயர்ந்த மதிப்பை மன்னருக்குக் கடிதமாக எழுதினார். எனினும் சில நாள்களில் அத்திருமணத்தையும் செல்லாததாக அறிவித்தார். 1539இல் குருமாரின் திருமணத்தைத் தண்டனைக்குரியதாக்கிய சட்டத்தை அவையில் எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறியபின் தம் மனைவியை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார். கருத்துரைப்பதில் துணிவு, ஆணை பிறந்தபின் பணிவு என்பதே அவரது வழியாக இருந்தது.

மக்கள் மொழியில் வழிபாடு

1547இல் ஹென்றி மறைந்தபின் ஒன்பது வயதுச் சிறுவனாகிய ஆறாம் எட்வர்டு அரியணை ஏறினார். ஆட்சியை நடத்திய ஆலோசனைக் குழுவில் கிரான்மரும் ஒருவர். இக்காலத்தில்தான் அவருடைய பெரும்பணி நிறைவேறியது. அதுவரை இலத்தீனில் நிகழ்ந்த வழிபாடு பெரும்பாலான மக்களுக்குப் புரியவில்லை. அதனை ஆங்கிலத்தில் அமைத்து, 1549இல் 'பொது வழிபாட்டு நூல்' வெளியிடப்பட்டது. நாடு முழுதும் அந்நூலையே பயன்படுத்த வேண்டும் எனச் சட்டம் விதித்தது.

ஆயினும் டெவன், கார்ன்வால் பகுதிகளில் கிளர்ச்சி எழுந்தது. கார்ன்வாலில் பலர் பேசியது ஆங்கிலமன்று; கார்னிஷ் மொழி. தங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவர்கள் முறையிட்டனர். இலத்தீன் மட்டும் உங்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்னும் பொருள்பட மறுமொழி எழுதினார் கிரான்மர். படை கிளர்ச்சியை ஒடுக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒரு பகுதியினருக்குத் தாய்மொழியாக வந்த வழிபாடு, மற்றொரு பகுதியினருக்கு மேலிருந்து வந்த ஆணையாகவே பட்டது. மாற்றுக்கருத்துக் கொண்ட ஜோன் போச்சர் என்னும் பெண் 1550இல் எரிக்கப்பட்டதிலும் கிரான்மருக்குப் பங்குண்டு என்பதை மறைத்தல் தகாது.

கொள்கையே கண்ணியானபோது

1553இல் நோய்வாய்ப்பட்ட எட்வர்டு, கத்தோலிக்கராகிய தம் தமக்கை மேரியை விலக்கி, உறவினராகிய ஜேன் கிரேயை வாரிசாக்க முனைந்தார். கிரான்மர் முதலில் தயங்கி, பின்னர்க் கையொப்பமிட்டார். ஆனால் அரியணை மேரிக்கே கிடைத்தது. கிரான்மர் அரசத்துரோகக் குற்றவாளியானார். பின்னர் ஆக்ஸ்போர்டு சிறையில் அடைக்கப்பட்டுச் சமய வழக்கையும் எதிர்கொண்டார்.

இப்போது அவரது கொள்கை அவரையே மடக்கியது. ஆளும் அரசரே திருச்சபையின் தலைவர் என்றால், ஆளும் மேரியின் ஆணைக்கும் பணிய வேண்டுமன்றோ? அந்த ஆணையோ, போப்பாண்டவருக்குப் பணிக என்பது! நண்பர்களாகிய லாட்டிமரும் ரிட்லியும் 1555இல் எரிக்கப்பட்டனர். முதுமையும் தனிமையும் அச்சமும் வாட்ட, கிரான்மர் தம் கொள்கைகளைத் துறப்பதாக ஆறு அறிக்கைகளில் கையொப்பமிட்டார். அவ்வாறு மனம் மாறியவருக்கு உயிர்ப்பிச்சை அளிப்பதே வழக்கம். ஆனால் மேரி அதனை அளிக்கவில்லை.

1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டின் புனித மரியாள் ஆலயத்தில், துறப்புரையை அவர் மீண்டும் கூறுவார் எனக் கூட்டம் எதிர்பார்த்திருந்தது. அவரோ அந்த அறிக்கைகள் சாவுக்கு அஞ்சி எழுதியவை என்றார். மனத்துக்கு மாறாக எழுதிய வலக்கையே முதலில் எரியட்டும் என்றார். சொன்னவாறே தீயினுள் அக்கையை முதலில் நீட்டி உயிர்நீத்தார்.

நிலைத்தது எது?

மேரிக்குப்பின் எலிசபெத் ஆட்சியில், 1559இல் வழிபாட்டு நூல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதன் 1662ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு ஆங்கிலத் திருச்சபையில் நூற்றாண்டுகளாக நிலைபெற்றது. 19ஆம் நூற்றாண்டில் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு, தமிழகத்து ஆலயங்களில் மக்கள் மொழியில் ஒலித்தது.

கிரான்மர் குறையற்றவர் அல்லர். பிறர் மனச்சான்றுக்கு அவர் இடமளிக்காத தருணங்கள் உண்டு. தம் மனச்சான்றையே கைவிட்ட நாள்களும் உண்டு. வாழ்நாளெல்லாம் ஆணைக்குப் பணிந்த அவர், ஆணையும் அச்சமும் ஒருங்கே நெருக்கிய இறுதி வேளையில் மனச்சான்றின் பக்கம் நின்றார். அதிகாரத்துக்குப் பணிதல் கடமையாகும் இடம் எது, அக்கடமை முடியும் இடம் எது என்பதை ஒவ்வொருவரும் தாமே எண்ணித் துணிய வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.