ஜார்ஜ் என்றால் உழவர்

சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவது தஞ்சைத் தரணியின் தொன்றுதொட்ட வழக்கம். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலில் அவ்வாண்டின் முதல் உழவுசால் அன்று விழும். அதே சித்திரையில், ஏப்ரல் 23-ஆம் நாள், திருச்சபை புனித ஜார்ஜியாரை நினைவுகூர்கிறது. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஜார்ஜ் என்பதை ஆங்கிலப் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது கிரேக்கப் பெயர். கிரேக்க மொழியில் 'கே' என்றால் நிலம். 'எர்கோன்' என்றால் வேலை. இவ்விரண்டும் இணைந்த 'கெயோர்கோஸ்' என்னும் சொல் நிலத்தில் உழைப்பவரை, அதாவது உழவரைக் குறிக்கும். அச்சொல்லின் வழிவந்த ஆண்பாற் பெயரே ஜார்ஜ்.

இப்பெயரை உலகெங்கும் பரவச் செய்தவர் வேதசாட்சியான புனித ஜார்ஜியார். தியோக்கிளேசியன் ஆட்சியில், ஏறத்தாழ 303-ஆம் ஆண்டில், பாலஸ்தீன நாட்டு லித்தாவில் அவர் விசுவாசத்திற்காக உயிர் ஈந்தார் என்பது மரபு. பறவை நாகத்தை அவர் ஈட்டியால் வீழ்த்திய கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் சேர்ந்தது. கேரளத்துக் கிறிஸ்தவர்கள் கீவர்கீஸ், வர்கீஸ், வர்க்கி என்று அழைப்பதும் இப்பெயரைத்தான். ஸ்பானியர் ஹோர்கே என்பர். ருஷ்யர் யூரி என்பர். 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிசின் திருமுழுக்குப் பெயரும் ஹோர்கேதான்.

நமக்கோ இப்பெயர் ஆள்வோரின் பெயராகவே அறிமுகமாயிற்று. 1714 முதல் 1952 வரை ஜார்ஜ் என்னும் பெயருடைய அரசர் அறுவர் இங்கிலாந்தை ஆண்டனர். நம் சட்டமன்றம் கூடுவதும் புனித ஜார்ஜ் கோட்டையிலேதான். முடி என்று பொருள்படும் ஸ்தேவான் என்னும் கிரேக்கப் பெயரை நம் முன்னோர் 'முடியப்பர்' என்று அழகுறத் தமிழாக்கினர். ஜார்ஜ் என்பதோ ஒலியளவில் நின்றுவிட்டதால், அதனுள் இருக்கும் ஏர் நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இச்சொல் வரும் இடங்கள் சிந்திக்கத்தக்கவை. யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் தம்மைத் திராட்சைக் கொடியாகக் கூறும் ஆண்டவர், தம் தந்தையைக் 'கெயோர்கோஸ்' என்கிறார். விண்ணகத் தந்தைக்கே உழவர் என்ற பெயர்! முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் உழவனைப் பற்றி யாகப்பர் எழுதும்போதும் இதே சொல்தான். குறுவைக்கு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமோ என்றும், சம்பாவுக்கு ஐப்பசி மழை பொய்க்குமோ என்றும் காத்திருக்கும் நம் மக்களுக்கு அந்த உழவனை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பாடுபடும் உழவனே விளைச்சலில் முதற் பங்கு பெறவேண்டும் என்று சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். சேற்றில் நின்று நாற்று நடும் கூலிப் பெண்ணின் கையில் அந்தப் பங்கு சேர்கிறதா என்பதை நிலமுடையோர் எண்ணிப் பார்க்கட்டும். ஏனெனில், உரிமையாளரின் மகனையே கொன்ற கொடிய குத்தகைக்காரர்களுக்கும் நற்செய்தி இதே சொல்லைத்தான் வழங்குகிறது. பெயர் மட்டும் எவரையும் புனிதராக்குவதில்லை.

இன்று நம் பங்குகளில் ஒரு வருத்தமான காட்சி உண்டு. பிள்ளைக்கு ஜார்ஜ் என்று பெருமையோடு பெயர் சூட்டுகிறோம். தந்தையின் தொழில் என்னவென்று கேட்டால், விவசாயம் என்று சொல்ல அப்பிள்ளை கூசுகிறான். படித்து வேறு தொழிலுக்குச் செல்வதில் தவறில்லை. தந்தையின் கை மண்ணைக் கண்டு நாணுவதே தவறு.

ஆகவே, அன்புப் பெற்றோரே, உங்கள் இல்லத்தில் ஒரு ஜார்ஜ் இருந்தால், வரும் ஏப்ரல் 23 அன்று அவனைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் வயல் வரப்பில் சற்றே நிறுத்தி, அவன் பெயரின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள்.