சிவப்பு விளக்கில் சேரும் சிக்கனம்

டொரொண்டோ மாநகரின் கிழக்குப் புறமாகிய ஸ்கார்பரோவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் நாள்தோறும் காலையில் 401 ஆம் நெடுஞ்சாலை வழியே, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறார். மனைவியின் அலுவலகமோ 5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு ஒரு ஹைப்ரிட் கார் வாங்குவதென்று தீர்மானம் ஆகிவிட்டது. அது யாருக்கு உரியது, பனிக்காலத்தில் அது காலை வாரிவிடாதா என்பவைதாம் எஞ்சியுள்ள சந்தேகங்கள்.

பெட்ரோல் யந்திரத்தோடு ஒரு மின்மோட்டாரையும் பாட்டரியையும் சேர்த்துப் பூட்டும் இந்த ஹைப்ரிட் யோசனை புதிதன்று. 1900 ஆம் ஆண்டை ஒட்டியே பெர்டினண்ட் போர்ஷே அதைச் செய்து பார்த்தார். ஆயினும் அது சாமானியர் வாங்கக்கூடிய சரக்காக வந்தது, 1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டபோதுதான். இதன் சூட்சுமம் ஓடுவதில் இருப்பதைக் காட்டிலும் நிற்பதில் இருக்கிறது. 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கும்போது, அதன் வேகத்தில் அடங்கியிருந்த சக்தி, உறைநிலையிலிருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாதாரணக் காரை ஓட்டுகிறவர் ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு டம்ளர் தேநீருக்கு வேண்டிய வெந்நீரை பிரேக் தகட்டின் வழியே காற்றில் கொட்டிவிட்டுப் போகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது. ஹைப்ரிட் காரிலோ, அச்சமயம் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தச் சக்தியில் ஒரு நல்ல பங்கைப் பாட்டரிக்குத் திருப்புகிறது.

இனிக் குளிருக்கு வருவோம். பெட்ரோலில் அடங்கிய சக்தியின் பெரும்பகுதி உஷ்ணமாக வீணாவது யந்திர சாஸ்திரிகளின் பழைய துக்கம். ஆனால் கனடாவின் ஜனவரிக் காலையில், அந்த வீணான உஷ்ணமே காருக்குள் உட்கார்ந்திருப்போருக்குக் கணப்பாக உதவுகிறது. ஹைப்ரிட் யந்திரம் சிக்கனமானது. சமயம் வாய்த்தபோதெல்லாம் அணைந்துவிடுவது. ஆகவே சிக்கனக்காரர் வீட்டு அடுப்பைப் போல அதில் சூடு தங்குவதில்லை. உள்ளிருப்போர் நடுங்காமலிருக்கவும், புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி சூடேறவும், ஓட்டத்துக்குத் தேவையில்லாத வேளையிலும் யந்திரம் எரிந்துகொண்டே இருக்க வேண்டியதாகிறது. போதாக்குறைக்கு, குளிரில் பாட்டரியின் உட்தடை அதிகரித்து, பிரேக் தரும் மின்சாரத்தை அது தயங்கித் தயங்கியே ஏற்கிறது.

அமெரிக்க எரிசக்தி இலாகா வெளியிட்டுள்ள கணக்கைப் பாருங்கள். நகர ஓட்டத்தில், 25 டிகிரி வெப்பத்தோடு ஒப்பிட, பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியில், லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் சாதாரணக் காரில் சுமார் 15 சதவீதம் குறைகிறது. 5, 6 கிலோமீட்டர் குறும்பயணமானால் 24 சதவீதம் வரை. ஹைப்ரிட்டிலோ 30 முதல் 34 சதவீதம். இதைக் கேட்டதும் பலர் கையை உதறிவிடுகிறார்கள். சதவீதம் என்பது பொல்லாத கண்ணாடி. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சாதாரணக் காரையும், 5 லிட்டர் குடிக்கும் ஹைப்ரிட்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் மேற்சொன்ன மிகப் பெரிய நஷ்டத்தையே கணக்கிட்டால், முன்னது 9 லிட்டருக்கு மேல் போகிறது. பின்னது ஏழரையைச் சுற்றி நிற்கிறது. அதிகமாக இழந்தவன் குறைவாகவே செலவழிக்கிறான்!

அப்படியானால் மனைவிக்கே கொடுத்துவிடலாமே என்றால், அங்கே தூரம் குறுக்கிடுகிறது. வருஷத்தில் 240 வேலை நாளென்று வைத்துக்கொண்டால், போகவர அவர் ஓட்டுவது 2,400 கிலோமீட்டர். நூற்றுக்கு 2 லிட்டர் மிஞ்சினாலும் வருஷ மிச்சம் 50 லிட்டரை எட்டாது. கணவரின் 19,200 கிலோமீட்டரில் அதே மிச்சம் 384 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலரானால் 576 டாலர். காருக்கு அதிகப்படியாகக் கொடுத்த விலையை இந்தத் தொகையால் வகுத்துப் பார்த்தால், எத்தனை வருஷத்தில் அது திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: அவர் நெரிசல் வேளையில், நின்றும் நகர்ந்தும் போகிறவராயிருக்க வேண்டும். விடிவதற்கு முன் வெறிச்சோடிய சாலையில் ஒரே வேகத்தில் பறப்பவருக்குச் சேமிக்கப் பிரேக்கே இல்லை. காற்றின் எதிர்ப்பும் ஹைப்ரிட் என்பதற்காகக் குறைவதில்லை. ஆதாயம் முற்றும் மறையாவிட்டாலும் நன்றாகச் சுருங்கிவிடும்.

பனியில் சறுக்குமா என்ற கேள்விக்கு விடை ஹைப்ரிட்டில் இல்லை, டயரில் இருக்கிறது. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. அதனால்தான் கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயரைச் சட்டமாக்கியிருக்கிறது. ஒன்ராறியோவில் அது கட்டாயமில்லை. ஆனால் அவற்றைப் பூட்டியவருக்கு இன்சூரன்ஸில் சலுகை உண்டு. பின்சக்கரங்களுக்குத் தனி மோட்டார் வைத்த நான்கு சக்கர உந்துமுறை மேட்டில் கிளம்ப உதவும், நிறுத்துவதற்கு உதவாது. நாலு சக்கரமும் உந்துகின்றன என்ற தைரியத்தில் பழைய டயரோடு போகிறவரைவிட, இரண்டு சக்கர உந்துதலில் நல்ல டயரோடு போகிறவரே என் கணக்கில் விவேகி.

சாலையில் தூவும் உப்பு பிரேக் தகடுகளைத் துருப்பிடிக்கச் செய்வது மற்றொன்று. மோட்டாரே வேகத்தைப் பெரிதும் தணித்துவிடுவதால் தகடுகள் உராய்ந்து சுத்தமாவது குறைந்து, துரு ஏறுகிறது. ஆகவே பனி கரைந்ததும் பிரேக்கைக் கழற்றித் துடைத்து, தகடுகளில் படாமல் அதன் நகரும் பாகங்களுக்கு மட்டும் மசகிடுவது நல்லது. இன்னொரு சிறு விஷயம்: பல ஹைப்ரிட் கார்களில் பாட்டரிக்கு வேண்டிய காற்று பின்னிருக்கையின் ஓரத்திலுள்ள ஒரு துவாரத்தின் வழியே, காருக்குள்ளிருந்தே போகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் எறிவதுபோல், காரில் ஏறியதும் குளிர்ச்சட்டைகளைப் பின்னிருக்கையில் குவிக்கும் பிள்ளைகளுக்கு, அந்தத் துவாரம் எங்கே இருக்கிறதென்று முதல் நாளே காட்டிவிட வேண்டும்.