மௌனம் சம்மதம் ஆகுமா?

2018 நவம்பரில் உலகெங்கும் ஓடிற்று ஒரு படம். ரஷ்யாவின் மகதான் வட்டாரத்துப் பனிச்சரிவிலே தாய்க்கரடி முன்னே, குட்டி பின்னே. குட்டி ஏறுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது! “விடாமுயற்சிக்கு இதுவன்றோ சான்று!” என்று கைதட்டினர் இலட்சோபலட்சம் பேர். விலங்கியல் அறிஞர் பலரோ வேதனைப்பட்டனர். படம் பிடித்த ட்ரோனைக் கண்டுதான் தாய் மிரண்டது, குட்டியின் உயிர் ஊசலாடிற்று என்று கண்டித்தனர்.

“விலங்கு ஓடவில்லை, ஒதுங்கவில்லை, படம் எடுத்தால் என்ன?” என்று கேட்பாருண்டு. 2015இல் வெளியான மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வு விடை தருகிறது. கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்பை அளக்கும் கருவி வைத்து, மேலே ட்ரோன் பறக்கவிட்டனர். கரடிகள் பெரும்பாலும் இடம்விட்டு அசையவில்லை. ஆனால் நெஞ்சம்? ஒரு கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 39இலிருந்து 162க்குத் தாவிற்று! முதலாளி முன் வாய்மூடி நிற்கும் தொழிலாளியின் மௌனம் சம்மதமா? நாமறிவோம், தோழர்களே!

2021இல் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பிடத்தில், தடையை மீறிய ட்ரோன் ஒன்று கூடுகளிடையே விழுந்தது. ஏறத்தாழ 3,000 ஆலாப் பறவைகள் கூடுகளைக் கைவிட்டுப் பறந்தன. மணலிலே அநாதையாய்க் கிடந்தன முட்டைகள், 1,500க்குமேல்!

கருவியைப் பழிக்கவில்லை; விஞ்ஞானம் வேண்டும். மனிதர் எட்டமுடியாத இடங்களில் பறவைகளைக் கணக்கிட அது உதவுகிறது. ஆனால் கூடு இருக்குமிடத்தை நெருங்காதே! விலங்கு மிரளும்வரை காத்திராதே. முதலிலேயே எட்டி நில்! மிரட்டி எடுத்த படத்துக்கு நாம் தரும் கைதட்டல்தான் அந்தக் கொடுமைக்குக் கூலி. கூலியை நிறுத்துவோம், கொடுமை ஓயும்!