எல்லைக் கோட்டையும் வெந்நீர்க் கூடமும்

கி.பி. 122ஆம் ஆண்டிற் பிரித்தானியாவுக்குச் சென்ற உரோமப் பேரரசன் ஹேட்றியன், அத்தீவின் வடபால் கடலொடு கடல் தொடுமாறு மதிலொன்று எழுப்பப் பணித்தான். ஏறக்குறைய 73 மைல் நீண்ட அம்மதிலிற் பொருந்திய கோட்டைகளுள் ஒன்று, வட தைன் ஆற்றங்கரையிலே செஸ்டர்ஸ் என்னுமிடத்தில் உளது. உரோமர் அதனைச் சிலூர்ணம் என்றனர். குதிரைவீரர் ஏறக்குறைய ஐந்நூற்றுவர் ஆங்கு உறைந்தனர். அவர்கள் விரைந்து வெளிப்படுதற்கு வாய்ப்பாக, மூன்று பெருவாயில்கள் மதிலுக்கு வடபுறத்தே திறந்தன.

எனினும், கோட்டையினும் சிறப்புறக் காணத்தக்கது அதன் குளிப்பகமே. உலைத்தீ கோட்டைக்கு ஊறு செய்யாவண்ணமும் நீர் எளிதிற் கழியவும், அது வெளியே ஆற்றுச் சரிவில் அமைக்கப்பட்டது. நீராட வந்தோர் முதலிற் புகுவது உடைமாற்றும் மண்டபம். அதன் சுவரில் ஏழு மாடங்கள் உள. ஆடை வைத்தற்குரியன அவை என்பர் சிலர். கிழமைத் தெய்வங்கள் எழுவர்க்கு உரியன என்பர் வேறு சிலர். ஐந்நூற்றுவர்தம் ஆடைக்கு ஏழு மாடங்கள் எங்ஙனம் போதுமென வினவத் தோன்றுகின்றது!

அப்பாலுள்ள அறைகளின் தளம் நிலத்திற் படியாது குறுந்தூண்கள்மேல் நின்றது. வெளியே எரிந்த உலையின் வெப்பம் தளத்தின் கீழே பரவிச் சுவர்வழி மேலேறிற்று. வெறுங்காலுடன் நிற்றற்கியலாத அத்தளத்தில் மரத்தாலாய மிதியடி அணிந்தே நடந்தனர். வியர்வை பெருகியபின், எண்ணெய் பூசி, வளைந்த கருவியால் அழுக்கை வழித்துக் குளிர்நீரில் மூழ்கினர். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஈண்டுக் காவல்புரிந்த படை, ஸ்பெயின் நாட்டு அஸ்தூரியர் பெயரைத் தாங்கியது. தாயகத்துக்கு நெடுந்தொலைவிலே, குளிர்மிக்க அவ்வெல்லையில், உரோம வாழ்வு யாதென்பதை அவர்கள் உணர்ந்த இடம் இதுவேயாதல் கூடும்.

1796இல் இந்நிலத்தை வாங்கிய நதானியேல் கிளேற்றன், தம் மாளிகையின் முன்னே புல்வெளி அழகுறுதற்பொருட்டுக் கோட்டையின் இடிபாடுகளை மட்டஞ் செய்துவிட்டார். அவர் மைந்தர் ஜோன் கிளேற்றனோ, 1843 முதல் அவற்றை அகழ்ந்து வெளிப்படுத்தியதோடு, கல் பெயர்ப்போரிடமிருந்து காக்கும்பொருட்டு மதிலின் வேறு பகுதிகளையும் விலைகொடுத்து வாங்கினார். சரிவினின்று வழிந்த மண்ணுள் மூடுண்டு கிடந்த குளிப்பகம் 1880களிலேதான் வெளிப்பட்டது. அதனாலன்றோ, கோட்டைச் சுவர்கள் பெரும்பாலும் முழங்காலளவிற் குறுகிக் கிடக்க, குளிப்பகச் சுவர்கள் இன்றும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன.