டில்லியில் ஒரு பகற்பொழுது

மகளை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், டில்லியில் எங்களுக்கு ஒரு பகற்பொழுது வாய்த்தது. காலை வண்டியில் வந்து இறங்கினோம். சென்னைக்குச் செல்லும் வண்டி இரவில்தான். இடைப்பட்ட நேரத்திற்கென நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் பதினோரு இடங்கள் இருந்தன. குதுப் மினாரில் தொடங்கி இராஷ்டிரபதி பவனில் அது முடிந்தது. படித்துக் காட்டியபோது உம்மா ஒன்றுதான் கேட்டார்கள்:

"ஜாமிஆ பள்ளி எத்தனாவது தம்பி?"

ஒன்பதாவது என்றேன். உம்மா மேலே பேசவில்லை.

உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலி வேறு. 1984-ஆம் ஆண்டு கைலி வியாபாரத்திற்காக டில்லி வந்த வாப்பா அவர்கள், ஜாமிஆ பள்ளியின் படியில் அமர்ந்து ஓர் அஞ்சலட்டை எழுதினார்கள். அடுத்த முறை உம்மாவையும் அழைத்து வருவதாக அதில் ஒரு வரி உண்டு. அந்த அடுத்த முறை வருமுன்னரே வாப்பா மவுத்தாகிவிட்டார்கள். அட்டை இன்றும் உம்மாவின் பெட்டியில் இருக்கிறது. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டே இடங்கள் என்று முடிவாயிற்று.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. முஹம்மது பின் துக்ளக் காலத்தில் இங்கு வந்த இப்னு பதூதா, காஜியாகப் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். மதுரையில் சுல்தானாக விளங்கிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை மணந்த வகையில் அவர் நம் பக்கத்து மருமகனும்கூட! அத்தகையவருக்கே பல ஆண்டுகள் பிடித்த ஊரை நாம் ஒரு பகலில் முடித்துவிட முடியுமா?

சுமைகளை ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு, முதலில் நிஜாமுத்தீன் பகுதியிலுள்ள ஹுமாயூன் அடக்கத்தலத்திற்குச் சென்றோம். வெயில் ஏறுமுன் அங்கு செல்வதே நலம். தம் நூலகத்துப் படிகளில் இறங்கும்போது பாங்கொலி கேட்டு மண்டியிட முயன்ற ஹுமாயூன், கால் இடறி விழுந்து 1556-இல் இறந்தார் என்பது வரலாறு. அவருடைய மனைவி ஹாஜி பேகம் முன்னின்று எழுப்பிய கட்டடம் இது. ஏறத்தாழ 1570-இல் நிறைவுற்றது. தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டுகள் மூத்தது. உயர்ந்த மேடைக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை. உம்மா ஏறவில்லை, கீழே மரநிழலில் அமர்ந்து கொண்டார்கள். நான் இறங்கி வந்து வரலாற்றைச் சொன்னதும், "புருசனுக்காகப் பொஞ்சாதி கட்டினதா? இதை ஏன் ஒருத்தரும் நமக்குச் சொல்லல?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை.

1857 செப்டம்பரில் கடைசி முகலாயரான பஹதூர் ஷா ஜஃபர் தஞ்சம் புகுந்ததும் இவ்விடத்தில்தான். ஆங்கிலேயர் இங்கே அவரைச் சிறைபிடித்து, செங்கோட்டையில் விசாரித்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862-இல் அங்கேயே அவர் கண்மூடினார்.

அங்கிருந்து ஆட்டோவில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையம் சென்று, மெட்ரோ ரயிலில் ஏறினால் மாறாமலே ஜாமா மஸ்ஜித் நிலையத்தில் இறங்கலாம். மின்தூக்கி உண்டு, முதியோருக்குச் சிரமமில்லை.

ஷாஜஹான் கட்டிய இப்பள்ளி 1656-இல் நிறைவுற்றது. முற்றத்தில் இருபத்தையாயிரம் பேர் தொழலாம். 1857 கலகத்திற்குப் பின் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றித் தொழுகையையே தடுத்து வைத்திருந்தனர். 1862-இல்தான் முஸ்லிம்களிடம் திரும்ப வந்தது. வாசலிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். உம்மா ஒரு கையால் என் தோளையும், மறு கையால் என் துணைவியாரின் கரத்தையும் பற்றி, நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினார்கள். கற்கள் சுட்டன; விரித்திருந்த பாய்களின் மேலேயே நடந்தோம். முற்றத்தின் ஓரத்தில் இரு பெண்களும் லுஹர் தொழுதார்கள். பயணிகளாகையால் அஸரையும் உடன் சேர்த்துக் கொண்டோம்.

எதிரிலுள்ள மட்டியா மஹால் தெருவில் கோர்மாவும் ரொட்டியும் உண்டோம். நம் வீட்டு ஆணத்திற்கு ஈடாகாது என்பது உம்மாவின் தீர்ப்பு. பின்னர் ரிக்‌ஷாவில் சாந்தினி சௌக் வீதியை ஒரு சுற்று வந்தோம். இவ்வீதியை அமைக்கச் செய்தவர் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா. நிஜாமுத்தீன் தர்கா வளாகத்தில், மேற்கூரையின்றிப் புல் முளைத்த அவருடைய கப்ரு இருக்கிறது. காலையில் அவ்வளவு அருகே இருந்தும் காணாமல் வந்தது எனக்குக் குறைதான். செங்கோட்டையை வெளியிலிருந்தே பார்த்தோம். உள்ளே செல்ல விரும்புவோர் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விடுமுறை. பள்ளியைச் சுற்றிப் பார்க்க மட்டும் வருவோரைத் தொழுகை நேரங்களில் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன். திரும்பவும் பள்ளிக்கே என்றார்கள் உம்மா. இம்முறை மேலே ஏறவில்லை. வாப்பா எந்தப் படியில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று கேட்டார்கள். வாசல்கள் மூன்று, படிகளோ ஏராளம்; எனக்கு எப்படித் தெரியும்? கீழிருந்து நான்காவது படியைத் தாமே துப்பட்டியின் ஓரத்தால் துடைத்துவிட்டு அமர்ந்தார்கள். அரை மணி நேரம் சென்றிருக்கும். "வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்கள்.