வாப்பாவின் சொத்தை எப்போது பங்கு வைப்பது?

"மையத்தை அடக்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் சொத்துப் பேச்சா?" இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நம் குடும்பங்களில் பங்கு பிரிக்கும் காரியம் தள்ளிப்போகிறது. உம்மா இருக்கிறார், அவர் காலம் வரை அப்படியே இருக்கட்டும் என்கிறோம். மூத்தவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். தேயிலைக் கொழுந்துப் பணம் ஒருவர் கைக்குப் போகிறது. சகோதரிகள் மேட்டுப்பாளையத்திலோ கூடலூரிலோ கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள். பெருநாளைக்கு வருகிறார்கள், போகிறார்கள். பதினைந்து வருடம் இப்படியே ஓடிவிடுகிறது.

அந்தப் பதினைந்து வருடத்தில் வாரிசுகளில் ஒருவர் மவுத்தாகியிருப்பார். அவருடைய பங்கு அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். ஆறு பேர் உட்கார்ந்து ஒரு மாலையில் பேசி முடித்திருக்கக்கூடிய விஷயத்துக்கு இப்போது இருபது கையெழுத்து வேண்டும். அதில் இரண்டு பேர் வளைகுடாவில், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர். பாகப்பிரிவினை வழக்குகள் பெரும்பாலும் பேராசையால் வருகின்றன என்று நினைக்கிறோம். தாமதத்தால் வருபவைதான் அதிகம் என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

சட்டப்படி நிலைமை இதுதான். ஒருவர் மவுத்தான அந்த நொடியிலேயே அவருடைய சொத்தில் ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இந்துக் கூட்டுக் குடும்பம் போன்ற ஏற்பாடு நமக்கு இல்லை. மூத்த மகன் 'கர்த்தா' அல்ல. அவர் விற்றால் அவருடைய பங்கு மட்டுமே விற்பனையாகும். தங்கையின் பங்கை விற்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். தேயிலைத் தோட்டம் 80 சென்ட். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 10 சென்ட். மீதி 70 சென்ட்டில் மகளுக்கு ஒன்று என்றால் மகனுக்கு இரண்டு. ஆக மகள்களுக்கு ஆளுக்கு 10, மகன்களுக்கு ஆளுக்கு 20. இந்தக் கணக்குக்கு முன்பே அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர் இவற்றைக் கழிக்க வேண்டும். பிறகு வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். மஹரைக் கடனாக யாரும் நினைப்பதே இல்லை. அது உம்மாவுக்குச் சேர வேண்டிய கடன்தான்.

"வீட்டுக்குத்தான் ஷரீஅத், விவசாய நிலத்துக்கு வேறு சட்டம்" என்று சிலர் சொல்வார்கள். 1937-ல் வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மை. ஆனால் 1949-லேயே சென்னை மாகாணம் அதைத் திருத்தி விவசாய நிலத்தையும் சேர்த்துவிட்டது. ஆகவே தேயிலைத் தோட்டமும் காய்கறி நிலமும் இதே கணக்கில்தான் வரும்.

கணக்கு காகிதத்தில் சுலபம். மலையில் சுலபமல்ல. 80 சென்ட்டும் ஒரே சரிவில் இருக்கும். ரோடு கீழ்ப்பக்கம் மட்டும். தண்ணீர் வருவது மேல் மூலையில். கல் தடுப்புச் சுவர் ஒருவர் பங்கில் விழும், அது இடிந்தால் மண் அடுத்தவர் பங்கில் சரியும். கோர்ட்டுக்குப் போனால் முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு வரும். அதோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு வக்கீல் கமிஷனர் ஒருவர் வந்து சர்வேயரோடு அளந்து, அறிக்கை கொடுத்து, அதற்கு ஆட்சேபம் எழுதி, கடைசியில்தான் இறுதித் தீர்ப்பு. பிரிக்கவே முடியாத சிறிய வீடு என்றால் 1893-ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு வழி உண்டு. அதே சட்டத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: குடியிருக்கும் குடும்ப வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியாள் வாங்கி, பிரித்துக் கொடு என்று வழக்குப் போட்டால், கோர்ட்டு நிர்ணயிக்கும் விலையில் அந்தப் பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்று குடும்பத்தில் பங்குள்ளவர் கேட்கலாம்.

வழி, தண்ணீர், சுவர் மூன்றையும் வீட்டுக்குள்ளேயே பேசி எழுதிக்கொண்டால் இத்தனை அலைச்சல் இல்லை. எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும். ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்தது நல்லது. ஆனால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினையை நாளைக்குக் கோர்ட்டில் காட்டினால், பதிவு செய்யாத பத்திரம் என்று தள்ளப்படும் ஆபத்து உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்துக்குள் செய்யும் பத்திரங்களுக்கு முத்திரைச் செலவில் சலுகை இருக்கிறது.

நம்மவர்கள் தவறாக நம்பும் காகிதங்கள் சில உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு மனுக் கொடுப்பது சொத்துச் சண்டைக்குப் போடும் முதல் கல். பட்டா ஒருவர் பெயருக்கு மாறியிருப்பதாலேயே நிலம் அவருடையதாகிவிடாது. வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கும் கைதான். பணம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் 2015 திருத்தத்தில் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தனி விதி வந்திருக்கிறது. அதில் தகராறு என்றால் வக்கீலைக் கேட்காமல் நாமாக முடிவு கட்டக் கூடாது.

"பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி தங்கைக்குப் பங்கு இல்லை" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறோம். அண்ணன் தனியாக அனுபவித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது எல்லாப் பங்காளிகளுக்காகவும் அனுபவித்ததுதான். ஆனால் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உனக்குப் பங்கே கிடையாது" என்று அவர் வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்து அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு ஓடத் தொடங்கலாம். மறுத்து நோட்டீஸ் வந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

நிக்காஹ் சமயத்தில் "நகையும் சீரும் வாங்கிக்கொண்டேன், இனிப் பங்கு கேட்கமாட்டேன்" என்று மகளிடம் எழுதி வாங்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போது மகளுக்குப் பங்கே கிடையாது. இல்லாததை எப்படி விட்டுக்கொடுப்பது? பொதுவாக அந்த எழுத்து செல்லாது. ஆனால் ஈடாகப் பொருள் வாங்கிக்கொண்டு எழுதியவர் பிறகு கேட்க முடியாமல் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே எழுதச் சொல்பவரும் கையெழுத்திடுபவரும் இருவருமே யோசிக்க வேண்டும். வாப்பா மவுத்தான பிறகு, மனம் ஒப்பி விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம்தான் வழி. ஊருக்கு வந்த தங்கை காட்டும் மௌனம் விடுதலை ஆகாது.

உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்குக் கொடுக்க ஹிபா இருக்கிறது. கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், அனுபவத்தை ஒப்படைக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்திருந்தால், அதைத் தாளில் எழுதியதால் மட்டும் பதிவு கட்டாயமாகிவிடாது என்று 2011-ல் ஹபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு "வாப்பா வாயால் எனக்குக் கொடுத்துவிட்டார்" என்று சொல்பவர்கள் மூன்றாவது நிபந்தனையில்தான் வழுக்குகிறார்கள். வாப்பா கடைசி வரை வரி கட்டி, வாடகை வாங்கி, தானே ஆண்டுகொண்டிருந்தால் ஒப்படைத்தது எங்கே?

சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுத் தகப்பன் போய்விட்ட வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை வளர்ப்பவர் தாய்தான். ஆனாலும் நம் தனியார் சட்டத்தில் அவர்களுடைய நிலத்துக்கு அவர் தாமாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனுப் போட்டு அனுமதி வாங்காமல் அவர் விற்றால் அந்த விற்பனை நிற்காது. வாங்கியவரும் கெடுவார். அதேபோல், மகன் முந்திப் போய்விட்டால், மற்ற மகன்கள் உயிரோடு இருக்கும் வரை பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் பங்கு வராது. வஸிய்யத் எழுதி வைக்கத் தாத்தாவுக்கு உரிமை இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பிறகு வருந்தும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இருக்கின்றன.

கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல், ஜன்மி நிலம். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், 2007 ஜனவரியில் தீர்ப்பான வழக்கில் இடம்பெற்றது. இந்தியாவில் சட்டம் படிக்கும் எவரும் கூடலூர் பெயரைத் தாண்டாமல் போவதில்லை. பட்டா இல்லாத நிலத்தில் அரசோடு உள்ள பிரச்சினை வேறு, உடன்பிறந்தவர்களுக்குள் உள்ள கணக்கு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பி, பட்டா வரட்டும் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காமல், யார் எதை அனுபவிக்கிறார்கள் என்பதையாவது இப்போதே எழுதி வையுங்கள்.

வழக்குதான் வழி என்று ஆகிவிட்டால் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. சொத்தின் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் மதிப்பில் 3 சதவீதம் கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். 2017-க்கு முன் இது ஏழரை சதவீதமாக இருந்தது. வழக்குப் போட்ட பிறகும் சமரசத்துக்குக் கதவு மூடுவதில்லை. லோக் அதாலத்தில் முடித்தால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். கோர்ட்டு அனுப்பாமல் இரு தரப்பும் தாமாக வெளியில் பேசி முடித்தாலும் திரும்பத் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆணைக்குழுவுக்குப் போகும்போது மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். மூலப் பத்திரம் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தால் கவலை வேண்டாம். பதிவு எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் யார் கேட்டாலும் கிடைக்கும்.