பழைய அம்பாஸடருக்குப் புது உயிர்: எந்த பாகத்தை எதனுடன் சேர்க்கலாம்?

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014-ல் உற்பத்தி நின்றுபோனாலும், அம்பாஸடரை விற்க மனமில்லாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால், சைலன்ஸரில் நீலப் புகை வந்து, மேடு ஏற வண்டி திணறி, ஆயிலும் அடிக்கடி குறைந்தால், ‘இன்ஜின் போருக்கு வந்துடுச்சு’ என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

எல்லா பாகமும் ஒரே கம்பெனி செட்டாகக் கிடைப்பது இப்போது அரிது. பிஸ்டன் ஒரு கடையில், பேரிங் இன்னொரு கடையில், கிராங்க் ஷாஃப்ட் சென்னை புதுப்பேட்டையில் எனக் கலந்துதான் கட்ட வேண்டியிருக்கிறது. அதில் தவறில்லை. அளக்காமல் மாட்டுவதுதான் தவறு.

முதலில் இன்ஜின் எது?

அம்பாஸடர் என்ற ஒரே பெயரில் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் உண்டு. 1990-களில் வந்த 1.8 லிட்டர் இசுஸூ இன்ஜினும் உண்டு, டீசல் தனி. ‘அம்பாஸடர் பிஸ்டன்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் பணம் வீண்.

பிஸ்டன் முதலில், போர் பிறகு

பிஸ்டன்களை வாங்கி லேத் பட்டறையில் கொடுத்து, அவற்றின் அளவுக்கு போர் போடச் சொல்ல வேண்டும். ஒரே அளவு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நூலிழை வித்தியாசம் இருக்கும். நான்கு பிஸ்டன்களையும் தராசில் நிறுத்துப் பார்ப்பது முக்கியம். எடை வேறுபட்டால் இன்ஜின் அதிரும். ஒரு சிலிண்டர் மட்டும் கீறியிருந்தால், அதற்கு மட்டும் பெரிய பிஸ்டன் போடக் கூடாது. ஸ்லீவ் அடித்து மற்ற மூன்றின் அளவுக்கே கொண்டுவரலாம்.

போர் போடாமல் ரிங் மட்டும் மாற்றுபவர்கள், சிலிண்டரின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே படி போலத் தட்டினால், புது ரிங் அதில் மோதி உடையலாம்.

பிரிக்கக் கூடாத ஜோடிகள்

கிராங்க்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்தால், அதே 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங்தான் வேண்டும். இடைவெளி கூடினால் ஆயில் பிரஷர் விழும். குறைந்தால் பேரிங் ஒட்டிக்கொள்ளும். கனெக்டிங் ராடையும் அதன் மூடியையும் சேர்த்தே கடைந்திருப்பார்கள். அதனால் ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போடவே கூடாது. தேய்ந்த பழைய டேப்பட்டைப் புது கேம் ஷாஃப்ட்டில் வைத்தால், புதியதும் சீக்கிரம் தேயும்.

பிளாக்கையே மாற்றினால் இன்ஜின் நம்பரும் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் பிஸ்டன், பேரிங் அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கி, ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இன்ஜினைப் பிரிப்பவர் யாராக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.